பாதுகாப்பு இடைவெளி

உங்களைப் பாதுகாக்க ஓர் ஆணையம் முடிவு செய்துவிட்டது என்று காதில் விழுந்தால், தாமதிக்காமல் பெட்டி படுக்கையைக் கட்டத் தொடங்கிவிடுங்கள். வாஷர்க்காரருக்கு அந்த அளவுக்கு உலக ஞானம் போதாது. செய்தியைப் படித்ததும் அவர் சந்தோஷப்பட்டார்.

வாஷர்க்காரர் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. தெருவே சேர்ந்து வைத்த பட்டம். கடையில் ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள், குழாய்ப் பசை என்று சகலமும் உண்டு. ஆனாலும் ஒழுகுகிற குழாய்க்கு ஒற்றை வாஷர் கேட்டு வருகிற மனிதருக்கு ஒற்றை வாஷரை எடுத்துக் கொடுக்கிற கடை அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். பழைய வாஷரைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். பிறகு திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவார். பின்னால் சுவர் முழுக்க இழுப்பறைகள். கடைக்குள் ஒரு ஆள் நிற்கலாம், இரண்டாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். பக்கவாட்டில் மரப்படி ஏறினால் இரண்டு அறைகள். கீழே பிழைப்பு, மேலே குடித்தனம். இரண்டும் வாடகைக்குத்தான். வீட்டுச் சொந்தக்காரர் வேறு ஏதோ ஊரில் இருந்தார், வாடகை போகாத மாதத்தில் மட்டும் இருப்பது தெரியும்.

கடைக்குப் பின்னால் கொஞ்ச காலமாக ஒரு வணிக வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. முதலில் தகர வேலி வந்தது, பிறகு மதில் வந்தது, பிறகு வானம் போய்விட்டது. கடையின் பின்சுவரும் வளாகத்தின் மதிலும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. இந்த நிலையில்தான் நிலப் பயன்பாட்டு ஆணையம் புது விதி கொண்டுவந்தது. பெரிய வளாகங்களால் அக்கம்பக்கச் சிறு வணிகம் நசுங்கிவிடாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே போதிய பாதுகாப்பு இடைவெளி கட்டாயம் விட வேண்டும்.

வாஷர்க்காரர் பேப்பரை மனைவியிடம் நீட்டினார். அவள் ஒருமுறை படித்தாள்.

"இடைவெளின்னா யாருங்க நகரணும்?"

"இதென்ன கேள்வி? பெரியவங்கதான் நகரணும். சட்டமே நம்மளைப் பாதுகாக்கத்தானே போட்டிருக்காங்க."

அவள் பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். ஜன்னல் நிறைய மதில்தான் தெரிந்தது. "அவ்வளவு பெரிய கட்டடம் எப்படிங்க நகரும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆய்வு செய்ய ஆட்கள் வந்தது ஒரு புதன்கிழமை. அந்தத் தெருவில் புதன்கிழமை எல்லாக் கடையும் அடைப்பு. சலவைக்கடை, முடி திருத்துகிற கடை, ரொட்டிக்கடை எதுவும் திறக்காது. வெறிச்சோடிய தெருவின் நட்டநடுவில் ஜீப் வந்து நின்றது. ஆய்வாளர் இறங்கி, மடக்கு நாற்காலியை விரித்து, குடையைப் பிடித்துக்கொண்டு, பூட்டிய வாஷர் கடைக்கு எதிரில் உட்கார்ந்தார். கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவது அவர் வேலை. வாஷர்க்காரர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடி இறங்கி ஓடினார்.

"கடை இன்னிக்கு லீவு சார். புதன்கிழமை தெருவே அடைப்பு."

"தெரியுமே. அதனாலதான் புதன்கிழமை வந்தோம்."

"நாளைக்கு வந்தீங்கன்னா கூட்டத்தைப் பாக்கலாம்."

"நாளைக்கு வந்தா ஜீப்பை எங்க நிறுத்தறது? போன வாரம் ரெண்டு தடவை வந்து சுத்திட்டுத் திரும்பிப் போனோம். ஒவ்வொரு கடை வாசல்லயும் ஆளு, சைக்கிளு, தள்ளுவண்டி. கால் வைக்க இடமில்ல."

"அந்த ஆளுங்கதான் சார் வியாபாரம்."

"இருக்கலாம். ஆனா அவங்களை எண்ணணும்னா நான் இறங்கணும். நான் இறங்கணும்னா வண்டி நிக்கணும். அவங்க இருந்தா வண்டி நிக்க முடியாது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

வாஷர்க்காரர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார், பாவம். பிறகு, வேண்டுமானால் இப்போதே கதவைத் திறந்துவிடுகிறேன் என்றார்.

"அந்த வேலையே வேண்டாம். ஆய்வு நடக்கும்போது கடைக்காரர் கடையைத் திறந்தா அது ஆய்வுல தலையிட்டதாகும்."

ஆய்வாளர் நேர்மையானவர். அவர்மேல் குறை சொல்ல முடியாது. வெயில் இறங்குகிற வரை அசையாமல் உட்கார்ந்து, மணிக்கொரு தரம் பூஜ்யம் என்று எழுதினார். மத்தியானம் தாகம் எடுத்து, படியேறி வந்து தண்ணீர் கேட்டார். வாஷர்க்காரரின் மனைவி சொம்பு நிறையக் கொடுத்தாள்.

"ஒருத்தர் வந்தாருன்னாவது எழுதிக்கோங்களேன். நீங்க வந்தீங்கல்ல?"

"நான் வாடிக்கையாளர் இல்லம்மா. ஆணையம்," என்று சொல்லி, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போய் இன்னொரு பூஜ்யம் எழுதினார்.

அடுத்து மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அப்படியொரு வளாகத்துக்கு அங்கே அனுமதி தரலாமா கூடாதா என்று மக்களைக் கேட்கிற கூட்டம் அது. நடந்த இடம் அதே வளாகத்தின் மூன்றாம் மாடி, குளுகுளு அரங்கம். நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து வாஷர்க்காரர் சாதாரணப் படியைத் தேடினார். அது இன்னும் அனுமதிக்குக் காத்திருக்கிறது என்றார்கள். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரியாக மேலே போய்ச் சேர்ந்தார்.

மேடையில் ஆணையத்தின் இயக்குநர். நல்ல குரல், தானே கேட்டுத் தானே ரசிக்கிற குரல். யாருக்காவது கேள்வி உண்டா என்றார். வாஷர்க்காரர் எழுந்தார்.

"சார், இதைக் கட்டலாமா வேணாமான்னு கேக்கறீங்க. கட்டி முடிச்சாச்சே."

"நல்ல கேள்வி," என்றார் இயக்குநர். "உங்க கண்ணுக்கு இது கட்டடம். ஆணையத்தோட கண்ணுக்கு இது இன்னும் விண்ணப்பம்தான். விண்ணப்பத்தை நாங்க ரொம்பக் கண்டிப்பா பரிசீலிக்கிறோம். இன்னிக்குக் காலையில லிப்ட்ல வரும்போதுகூட என் மனசாட்சியைக் கேட்டேன், இப்படி ஒண்ணு இங்க வரணுமான்னு. இன்னும் பதில் வரல."

"நீங்க இப்ப அதுக்குள்ளதான் உக்காந்திருக்கீங்க."

"தற்காலிகமாத்தான்."

கூட்டம் தலையாட்டியது. கூட்டத்தில் பாதிப் பேர் வளாகத்தில் வேலைக்குச் சேரப் போகிறவர்கள், மீதிப் பேர் குளுகுளுவுக்கு வந்தவர்கள். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"பெரிய வளாகத்தை ஒட்டிச் சின்னக் கடை இருந்தா, அந்தச் சின்னக் கடை செத்துப்போயிடும். அதை ஆணையம் கை கட்டி வேடிக்கை பாக்காது. நடுவுல இடைவெளி விட்டே ஆகணும். இதுல சமரசமே கிடையாது. எங்க விடறதுன்றதுதான் கேள்வி. வளாகத்துப் பக்கம் விடலாம்னா அங்க கட்டடம் நிக்குது."

"இந்தப் பக்கமும் கட்டடம்தான் சார் நிக்குது," என்றார் வாஷர்க்காரர். "என் கடை."

இயக்குநர் காகிதங்களைப் புரட்டினார். அருகில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கட்டடம் இருக்கு, ஒத்துக்கறேன். வியாபாரம் இல்லியே. நாள் முழுக்க உக்காந்து பாத்திருக்காங்க. ஒரு ஈ காக்காகூட உள்ள போகல."

"சார், அன்னிக்குப் புதன்கிழமை."

"எந்தக் கிழமையா இருந்தா என்ன? ஆய்வுக்குக் கிழமை கிடையாது."

"அப்ப நாங்க எங்க போறது?" என்று கேட்டார் வாஷர்க்காரர்.

"அதுல ஆணையம் உங்க சுதந்திரத்துல தலையிடவே தலையிடாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க எவ்வளவு தூரம் போறீங்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு உங்களுக்குப் பாதுகாப்பு."

கைதட்டினார்கள். வெளியே வருகிற வழியில் மேசைமேல் ஒரு மாதிரி நகரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அட்டையில் செய்த வளாகம், விரல் நகம் அளவு கார்கள், பை தூக்கிய பொம்மை மனிதர்கள். கணவனும் மனைவியும் குனிந்து தங்கள் தெருவைத் தேடினார்கள். தெரு பச்சை நிறத்தில் இருந்தது. வாஷர் கடை இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சில் செய்த ஒரு மரம், அதன் அடியில் பெஞ்சு, பெஞ்சில் ஒரு பொம்மைத் தம்பதி கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இவங்களுக்காவது உக்கார இடம் குடுத்திருக்காங்களே," என்றாள் மனைவி.

மேல்முறையீடு என்று ஒன்று உண்டு, போங்கள் என்று சலவைக்கடைக்காரர் சொன்னார். அவர் அதற்குள் கடையைக் காலி செய்துவிட்டார். வாஷர்க்காரர் ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போய் நின்றார். மேல்முறையீட்டு அதிகாரி ஒரு அம்மாள். மரியாதைக்குக் குறைவில்லை. உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார்.

"விதிவிலக்கு தர வழி இருக்கு ஐயா. உங்க கடைக்கு வர்றவங்க வண்டி நிறுத்த இடம் காட்டுங்க, போதும். உங்க கடை அளவுக்கு ஒரு கார் நிறுத்தற இடம் இருந்தா சரியா இருக்கும்."

"என் கடையே ஒரு கார் அளவுதாம்மா."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "அப்ப ரொம்ப வசதியாப் போச்சு. கடையை எடுத்துட்டு அந்த இடத்தைக் காட்டுங்க. அன்னிக்கே அனுமதி தந்துடறேன்."

"எதுக்கும்மா அனுமதி?"

"கடை நடத்தறதுக்கு."

"கடைதான் இருக்காதே."

"அதுக்கு நாங்க பொறுப்பில்ல ஐயா. நாங்கதான் அனுமதி குடுத்துட்டோமே."

வளாகத்துக்கு வருகிற லாரியும் காரும் இப்போதே தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றனவே, அதற்கு விதி இல்லையா என்றார் வாஷர்க்காரர்.

"அது வேற. அங்க நெரிசல் வரும்னு திட்டத்துலயே எதிர்பார்த்தாச்சு. எதிர்பார்த்த நெரிசல் விதிமீறல்ல வராது. உங்க கடைக்கு வர்ற சைக்கிள் ரெண்டு இருக்கு பாருங்க, அதை யாருமே எதிர்பார்க்கல."

நஷ்ட ஈடு பற்றிக் கேட்டார். நிலத்துக்கான பணத்தை வீட்டுச் சொந்தக்காரர் ஏற்கனவே வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாடகைக்கு இருப்பவருக்கு வியாபார நஷ்டம் உண்டுதான். ஆனால் வியாபாரமே நடக்காத கடைக்கு நஷ்டம் எங்கிருந்து வரும் என்று அந்த அம்மாள் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். வாஷர்க்காரரால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களாலும் முடியாது, முயன்று பாருங்கள்.

இடிக்க வந்ததும் ஒரு புதன்கிழமை. ஜீப்பை நிறுத்த இடம் இருந்தது.

புது ஜாகை பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒற்றை அறை. இழுப்பறைகள் அதன் வாசலிலேயே நுழையவில்லை. தெருவில் எத்தனை நாள் வைத்திருப்பது? இழுப்பறைகளோடு ஆணி, திருகு, கீல், வாஷர் அத்தனையும் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போய்ச் சேர்ந்தன. ஞாபகத்துக்கு என்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு வெறுத்துப் போயிருந்தார். வேலை தேடி நாலு கடை ஏறினார். இந்த வயதில் என்ன வேலை தருவது என்று கேட்டு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்தால் தூக்கத்தில் செய்கிறவர்போல் கையைப் பின்னால் நீட்டி நீட்டி எடுப்பார். கையில் சுவர்தான் தட்டுப்படும். மனைவி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவாள்.

பழைய தெருப் பக்கம் ஒரு தடவை போனார். கடை இருந்த இடத்தில் புல், மரக்கன்று, சுற்றிலும் சங்கிலி, ஒரு காவலாளி. பலகையில் எழுதியிருந்தது: சிறு வணிகப் பாதுகாப்புப் பகுதி. யாரும் உள்ளே வரக் கூடாது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அந்த மனிதருக்கு நிம்மதியாவது மிஞ்சியிருக்கும். விடுவார்களா? இயக்குநரே ஒருநாள் மூச்சு வாங்கப் படியேறி அந்த ஒற்றை அறைக்கு வந்தார்.

"உங்களைத்தான் ஊரெல்லாம் தேடிட்டிருக்கோம். வளாகத்துக்கு நிறைவுச் சான்று குடுக்கணும். விதியோட கடைசி வரியை இப்பத்தான் யாரோ படிச்சிருக்காங்க. அக்கம்பக்கத்துல ஒரு சிறு வணிகராவது பாதுகாக்கப்பட்டிருக்கணுமாம். பாதுகாப்பு எல்லாம் தயார். பாதுகாக்கத்தான் ஆளைக் காணோம்."

"அதான் ஆளையே இடிச்சுத் தள்ளினீங்களே," என்றாள் மனைவி.

"அது இடைவெளிக்காக, தங்கச்சி. இது ஆளுக்காக. ரெண்டும் வேற வேற பிரிவு."

வளாகத்துக்குள்ளேயே கடை வைத்துத் தருவார்களாம். மாதச் சம்பளமாம். வாஷர்க்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அரிசி டப்பாவின் அடி தெரிவதும் அவளுக்குத்தான் தெரியும்.

"போங்க. சும்மா உக்காந்திருந்தா உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிரும்," என்றாள்.

நகரும் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மூலை. அதற்கு அக்கம்பக்கத் தெரு என்று பெயர். சுவரில் வானம் வரைந்திருந்தது, மேகம் உட்பட. அவருடைய பழைய கடைப் பலகையைச் இடிபாட்டுக் குவியலிலிருந்து தோண்டி எடுத்து, நன்றாகக் கழுவி, பிறகு அழுக்குப் பூசி மாட்டியிருந்தார்கள். இழுப்பறைகளைப் பழைய இரும்புக்காரரிடம் தேடிப் பிடித்து வாங்கிவந்திருந்தார்கள். பார்த்ததும் அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. அவர் போட்டிருந்த சட்டை போதிய அளவு பழசாக இல்லை என்று இன்னொரு சட்டை கொடுத்தார்கள்.

இழுப்பறையை இழுத்தார். வரவில்லை. ஆணி அடித்து மூடியிருந்தது. பின்சுவர்ப் பலகையில் வாஷர்களை அளவுவாரியாக, வரிசை வரிசையாக ஒட்டியிருந்தார்கள்.

"ஏன் தம்பி ஒட்டியிருக்கீங்க?" என்று வளாகத்துப் பையனைக் கேட்டார்.

"குழந்தைங்க வாயில போட்டுக்கும், ஐயா. அதோட, இந்த இடத்தோட நிலப் பயன்பாடு காட்சி. வணிகம் இல்ல. இங்க நீங்க எதையும் விக்கக் கூடாது. ரெண்டாம் மாடியில பெரிய ஹார்டுவேர் கடை இருக்கு. வேற யாரும் விக்கக் கூடாதுன்னு அவங்க ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"கடைக்காரரா இருங்க."

இருந்தார். வேறென்ன செய்வது? காலையில் வந்து கடைக்காரராக இருந்து, மாலையில் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் அவருடைய சொந்தக் கடை இருந்த புல்தரை தெரியும். அந்தப் பக்கம் திரும்பாமல் உட்காரப் பழகிக்கொண்டார்.

சான்று கொடுப்பதற்கு முன் இன்னொரு ஆய்வு வேண்டியிருந்தது. அதே ஆய்வாளர் வந்தார், அதே மடக்கு நாற்காலி. இந்தத் தடவை வளாகமே பிதுங்குகிற விடுமுறை நாள். ஜீப் அடித்தளத்தில் சுகமாக நின்றது. நகரும் படிக்கட்டிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் வாஷர்க்காரரின் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும், வேறு வழி இல்லை. ஆய்வாளர் எண்ணி எண்ணிக் கை வலித்து, கையை உதறிக்கொண்டு எண்ணினார்.

மத்தியானம் இயக்குநர் விருந்தினர்களோடு வந்து, வாஷர்க்காரரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பேசினார்.

"இவர் கடையில ஒரு காலத்துல நாங்க ஆய்வு செஞ்சப்ப, நாள் முழுக்க ஒருத்தர்கூட வரல. பூஜ்யம். இன்னிக்குக் காலையில இருந்து ஆயிரக்கணக்குல வந்தாச்சு. திட்டமிடல்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு இவர்தான் பதில். இவர் செய்ய வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். வியாபாரத்தை விடணும். விட்டார். வளர்ந்துட்டார்."

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் மேசைக்கு வந்தாள். வாஷர்க்காரரின் மனைவி. வியர்த்திருந்தாள். உள்ளங்கையைத் திறந்தாள். அதில் தேய்ந்து போன ஒரு வாஷர்.

"வீட்டுக் குழாய் ரெண்டு நாளா சொட்டுதுங்க. கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. மேல பெரிய கடையில கேட்டேன், ஒத்தை வாஷரெல்லாம் தர மாட்டாங்களாம், குழாயே புதுசா வாங்கணுமாம். நம்மகிட்ட ஒண்ணு எடுத்துக் குடுங்க."

நம்மகிட்ட என்று அவள் சொன்னது பழக்கத்தில் வந்தது. அவரும் பழக்கத்தில்தான் வாங்கினார். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். திரும்பிப் பார்க்காமலே கை பின்னால் போய், சரியான வரிசையில், சரியான வாஷரில் நின்றது. இழுத்தார். வரவில்லை. நகத்தை உள்ளே விட்டு நெம்பினார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, வாஷர் வரவில்லை. விருந்தினர்கள் இதுவும் காட்சியில் ஒன்று என்று நினைத்து இன்னொரு தரம் கைதட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

அவருக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. வாழ்நாள் முழுக்க ஊருக்கு வாஷர் கொடுத்த கை, கட்டினவளுக்கு ஒன்று கொடுக்க முடியாமல் அவள் முன்னால் நின்றது.

"ஒட்டியிருக்காங்கம்மா," என்றார்.

அவள் பலகையைப் பார்த்தாள், அவர் விரலைப் பார்த்தாள். முந்தானையால் அந்த விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. பக்கெட்டை வச்சுக்கறேன்," என்றாள் மெதுவாக.

திரும்பும்போது நாற்காலியில் இருந்த ஆய்வாளர் தாளில் ஒரு கோடு போடுவது கண்ணில் பட்டது. நின்றாள்.

"என்னை என்னன்னு எழுதினீங்க?"

"வாடிக்கையாளர்னுதாம்மா."

"நான் ஒண்ணும் வாங்கலியே."

"வாங்கறது எங்க ஆய்வுல வராது. வந்தீங்க, நின்னீங்க, அது போதும்." அவளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. "இங்க குடிக்கத் தண்ணி எங்கம்மா கிடைக்கும்?"

"தெரியாது," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்று மாலையே நிறைவுச் சான்று கொடுத்துவிட்டார்கள். வாஷர்க்காரர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தபோது, மனைவி விட்டுச் சென்ற தேய்ந்த வாஷர் மேசைமேல் கிடப்பதைப் பார்த்தார். அந்தக் கடையில் ஒட்டாமல் இருந்த ஒரே பொருள் அதுதான். எடுத்துக்கொண்டு போய் எந்த முகத்தோடு அவளிடம் நீட்டுவது என்று அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தார். அதையும் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வரிசை தப்பாக இருந்தது.